தானா சரியாகிற நோயைக் கண்டுபிடிக்கிறது ஏன் இவ்ளோ கஷ்டம்

கிகுச்சி நோய்னு ஒண்ணு இருக்கு. முழுப் பேரு கிகுச்சி-ஃபுஜிமோட்டோ நோய், பேத்தாலஜி (திசுவை மைக்ராஸ்கோப்ல பாக்கற பிரிவு) ரிப்போர்ட்ல இன்னும் நீளமா ஹிஸ்டியோசைட்டிக் நெக்ரோடைசிங் லிம்ஃபடினைட்டிஸ்னு போடுவாங்க. கழுத்துல நெறி கட்டும், பாதிப் பேருக்குக் காய்ச்சலும் இருக்கும், உடம்பு அசந்து போகும், அப்புறம் பெரும்பாலும் 1 மாசத்துலேர்ந்து 4 மாசத்துக்குள்ள தானாவே போயிடும். கேன்சர் இல்ல, ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கிற வியாதியும் இல்ல, இதுக்குன்னே தனியா ஒரு மருந்தும் கிடையாது. அவ்ளோதான் விஷயம். ஆனா இந்த நாலு வரி எனக்குப் பொருந்தும்னு ஒருத்தர் தைரியமா கையெழுத்துப் போடறதுக்கு என் கழுத்துலேர்ந்து ஒரு நெறியை முழுசா வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஏன் அப்படிங்கறதைத்தான் எழுதப் போறேன், ஏன்னா அந்த நேரத்துல எனக்கு யாரும் இதைக் கோர்வையா சொல்லல, துண்டு துண்டா நாலு பேர்கிட்டேர்ந்து பொறுக்கித்தான் புரிஞ்சுகிட்டேன்.

எனக்கு வந்தது இடது பக்கம், காதுக்குக் கீழ, கழுத்துல தெரியற அந்தப் பெரிய தசைக்குப் பின்னாடி. முதல்ல ஒண்ணு, அப்புறம் அதுக்குப் பக்கத்துலயே ரெண்டு மூணு. அமுக்கினா வலிக்கும். சாயங்காலம் ஆனா காய்ச்சல், காலையில எழுந்தா ராத்திரி பூரா மூட்டை தூக்கின மாதிரி அலுப்பு. நெறி கட்டறது யாருக்குத்தான் வராது, தொண்டைப் புண்ணு, சொத்தைப் பல்லு, தலையில ஒரு கொப்புளம் எதுக்கு வேணாலும் கட்டும், நம்ம உடம்புல மொத்தம் சுமார் 600 நிணநீர் முடிச்சு இருக்கு, அதுல கழுத்துலயே ஏகப்பட்டது, அதுங்க வேலையே கிருமி வந்தா வீங்கறதுதான். அதனால முதல்ல பார்த்த டாக்டர் ஆன்டிபயாட்டிக் குடுத்து அனுப்பினதுல தப்பே இல்ல, நான் டாக்டரா இருந்தாலும் அதைத்தான் குடுத்திருப்பேன். கோர்ஸ் முடிஞ்சுது, நெறி அப்படியே இருந்துது.

அடுத்து ஒரு ஈஎன்டி டாக்டர். அவர் கண்ணை ஒரு பக்கம் வெச்சுகிட்டு விரலால மட்டும் ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாரு. என்ன பாக்கறீங்க சார்னு கேட்டேன். "அசையுதா, கீழ ஒட்டிகிட்டு இருக்கா, ரப்பர் மாதிரி இருக்கா, கல்லு மாதிரி இருக்கா, ஒண்ணோட ஒண்ணு பின்னிகிட்டு இருக்கா, இதெல்லாம்மா. காலர் எலும்புக்கு மேல இருக்கா இல்லையான்னும் பாக்கறேன், அங்க இருந்தா சின்னதா இருந்தாலும் நான் விடமாட்டேன்"னாரு. கழுத்துல 1 சென்டிமீட்டருக்கு மேல இருந்து, நாலு வாரம் தாண்டியும் குறையலன்னா, காரணம் என்னன்னு தேடியே ஆகணுங்கறது பொதுவான கணக்கு. என்னோடது வலிக்குதுன்னதும் எல்லாரும் கொஞ்சம் நிம்மதியானாங்க, கேன்சர் நெறி பெரும்பாலும் வலிக்காதுன்னு ஒரு நம்பிக்கை, அது பெருமளவு உண்மைதான், ஆனா அதை வெச்சு யாரும் எதையும் மூடி வெக்க முடியாது. ராத்திரி துணி நனையற அளவுக்கு வேர்க்குதா, 6 மாசத்துல உடம்பு எடை 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கான்னும் கேட்டாரு. இந்தக் கேள்வியெல்லாம் எந்த நோய்க்கான கேள்விங்கறது வீட்டுக்கு வந்து போனைத் தட்டினதும் தெரிஞ்சுது. லிம்ஃபோமா, நிணநீர் முடிச்சுல வர்ற கேன்சர். அன்னிக்கு ராத்திரி பத்தி எழுத ஒண்ணும் இல்ல, இதை அனுபவிச்ச எல்லாருக்கும் அது தெரியும்.

ரத்த டெஸ்ட் வந்தப்போதான் விஷயம் கொஞ்சம் விநோதமாச்சு. காய்ச்சலோட நெறி கட்டியிருந்தா வெள்ளை அணு ஏறியிருக்கும்னுதானே நினைப்போம், எனக்குக் குறைஞ்சிருந்தது. அழற்சியைக் காட்டற ஈஎஸ்ஆர் ஏறியிருந்தது, செல் சேதமானா ஏறற எல்டிஎச் கொஞ்சம் ஏறியிருந்தது, ஸ்மியர்ல (ரத்தத் துளியை ஸ்லைடுல தடவிப் பாக்கறது) சில லிம்ஃபோசைட், அதாவது ஒரு வகை வெள்ளை அணு, வழக்கமான உருவத்துல இல்லன்னு எழுதியிருந்தாங்க. இது எல்லாமே கிகுச்சில வரக்கூடியதுதான்னு இப்போ தெரியுது, ஆனா இதே நாலும் வைரஸ் காய்ச்சல்ல வரும், லூபஸ்ல (நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்கற நோய்) வரும், லிம்ஃபோமாலயும் வரும். எப்ஸ்டீன்-பார் வைரஸ், டாக்சோபிளாஸ்மா, எச்ஐவி, சிஃபிலிஸ், லூபஸ் சந்தேகத்துக்குப் பாக்கற ஏஎன்ஏ எல்லாம் பார்த்தாங்க, நெகட்டிவ். மார்பு எக்ஸ்ரே சுத்தம். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் "இது இல்ல"ன்னுதான் சொல்லுதே தவிர எதுவும் "இதுதான்"னு சொல்லல. கிகுச்சிக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இதுவரைக்கும் கிடையாது. ஸ்கேன்லயும் அப்படித்தான், அல்ட்ராசவுண்ட்ல நெறி பெருசா இருக்குன்னு தெரியும், அதோட வடிவம், ரத்த ஓட்டம் தெரியும், அதுக்கு மேல தெரியாது. பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகமா இழுக்கற இடத்தைக் காட்டற ஸ்கேன்) எடுத்தா இன்னும் குழப்பம், ஏன்னா கிகுச்சி நெறியும் சர்க்கரையை நல்லா இழுத்துகிட்டு பளிச்சுன்னு தெரியும், லிம்ஃபோமாவும் அப்படித்தான் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதை எடுக்காம விட்டதுல எனக்கு சந்தோஷம்.

அப்புறம் எஃப்என்ஏசி, அதாவது சின்ன ஊசியைக் குத்திக் கொஞ்சம் செல்லை உறிஞ்சிப் பாக்கறது. வலி ஒண்ணும் பெருசா இல்ல. ரிப்போர்ட்ல "நெக்ரோடைசிங் லிம்ஃபடினைட்டிஸ், டிபியா இருக்க வாய்ப்பு உண்டு, மத்த விவரங்களோட பொருத்திப் பாக்கவும்"னு வந்துது. நெக்ரோசிஸ்னா செல் செத்துப் போயிருக்குன்னு அர்த்தம். டிபிலயும் நெறிக்குள்ள செல் சாகும், கிகுச்சிலயும் சாகும், லூபஸ்லயும் சாகும், சில லிம்ஃபோமாலயும் சாகும். எனக்கு அப்புறமா பேத்தாலஜிஸ்ட் சொன்ன விளக்கம்தான் இதுல எனக்குப் புரிஞ்சுது: இடிஞ்ச வீட்டுலேர்ந்து ஒரு பிடி செங்கல் தூளை அள்ளிட்டு வந்து குடுத்தா, அது பூகம்பத்துல இடிஞ்சுதா இல்ல ஆள் வெச்சு இடிச்சாங்களான்னு நான் எப்படிச் சொல்றது, வீட்டைப் பாக்கணும்மா. கிகுச்சியை ஊசி மூலமா சரியா சொல்ற வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலன்னுதான் ஆராய்ச்சில வந்திருக்கு. கிட்டத்தட்ட நாணயம் சுண்டற கதைதான்.

இந்த இடத்துலதான் ரெண்டு வழி பிரிஞ்சுது. ஒரு டாக்டர் (யாருன்னு சொல்லப் போறதில்ல, நல்ல மனுஷன்) டிபின்னே வெச்சுகிட்டு 6 மாச மருந்தை ஆரம்பிச்சுடலாம்னாரு. அவர் தரப்புலயும் நியாயம் இருக்கு, டிபி அதிகமா இருக்கற நாடுகள்ல கழுத்து நெறின்னா முதல் சந்தேகமே அதுதான், உண்மையிலயே டிபியா இருந்து விட்டுட்டா அது பெரிய தப்பு. ஈஎன்டி டாக்டர் ஒத்துக்கல. கிருமி கண்ணுல படல, சாயம் போட்டுப் பார்த்ததுல வரல, ஜீன் டெஸ்ட்லயும் வரல, ஒரு முழு நெறியை எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்னாரு. நான் மாத்திரை பக்கம்தான் சாய்ஞ்சேன், கத்தி வேண்டாம்னு இருந்துது. அக்காதான் விடல. "ஆறு மாசம் மாத்திரை போடறதுக்கு நீ ரெடி, ஆனா எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சுக்க ஒரு நாள் ஆஸ்பத்திரில படுக்க மாட்டியாடி?"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, எனக்கு இது புரியறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு, புரிஞ்சப்போ கொஞ்சம் ஆடிப் போயிட்டேன். நான் அன்னிக்கு டிபி மாத்திரையை ஆரம்பிச்சிருந்தேன்னா எனக்குச் சரியாயிருக்கும். ரெண்டு மாசத்துல காய்ச்சல் நின்னு, நெறி வடிஞ்சு, எடை ஏறி, டாக்டருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி, மீதி நாலு மாசத்தையும் ஒழுங்கா முடிச்சிருப்பேன், காலம் பூரா எனக்கு டிபி வந்துதுன்னு எல்லா ஃபாரத்துலயும் எழுதியிருப்பேன். கிகுச்சி எப்படியும் அந்தக் கால அளவுக்குள்ள தானா போற நோய், அதனால அந்த நேரத்துல நாம எதைச் சாப்பிட்டோமோ அதுக்குப் பேரு போயிடும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவங்களுக்கு ஆன்டிபயாட்டிக், மூலிகை சாப்பிட்டவங்களுக்கு மூலிகை. யாரும் தப்புப் பண்ணினதாவே யாருக்கும் தெரியாது, ஏன்னா நோயாளி நல்லாயிட்டாங்க. அரிய நோய்னு இதை எல்லாரும் சொல்றாங்க, எவ்ளோ அரியதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்யுது, வேற பேருல குணமாகிப் போனவங்களை யாரு எண்ணிப் பார்த்தாங்க? அந்த மாத்திரைங்க சும்மா சாப்பிடற சமாச்சாரமும் இல்ல, கல்லீரலைப் பதம் பாக்கக்கூடியது, கண் பார்வையைக் கவனிக்கணும். டிபின்னு உறுதியானா ஒரு நாள் விடாம சாப்பிட்டே ஆகணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, நான் சொல்றது உறுதியாகாம ஆரம்பிக்கறதைப் பத்தி மட்டும்தான்.

ஸ்டீராய்டு கதை இதைவிட மோசம். தெரிஞ்சவங்க ஒருத்தங்க "நாலு நாள் ஸ்டீராய்டு போட்டா வீக்கம் வடிஞ்சுடும், எதுக்கு இவ்ளோ அலைச்சல்"னாங்க. வடிஞ்சுடும்தான். கிகுச்சியா இருந்தாலும் வடியும், லிம்ஃபோமாவா இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு வடியும்! அங்கதான் ஆபத்து, வடிஞ்ச நெறியை அப்புறம் வெட்டி எடுத்தா உள்ள இருக்க வேண்டிய அடையாளம் கலைஞ்சிருக்கும், பேத்தாலஜிஸ்ட்டால ஒண்ணும் சொல்ல முடியாது, நோய் மட்டும் திரும்பி வரும். கிகுச்சி ரொம்பத் தீவிரமா இருந்தா ஸ்டீராய்டு குடுக்கறது உண்டு, சிலருக்கு லூபஸுக்குக் குடுக்கற ஹைட்ராக்சிகுளோரோகுயினும் குடுக்கறாங்க, ஆனா எல்லாம் திசுவை எடுத்து முடிச்ச அப்புறம்தான். அதுக்கு முன்னாடி காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், இல்ல அந்த வகை வலி மாத்திரை, அதோட நிறுத்திக்கணும். கேன்சரா இருக்குமோங்கற பயத்தைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, பயத்தால நோய் ஒளிஞ்சுக்காது, அவசரப்பட்டுப் போட்ட மருந்தால ஒளிஞ்சுக்கும். நெறி விஷயத்துல எனக்கு அதுதான் பெரிய பயமா படுது.

ஆபரேஷன் சின்னதுதான். ஆனா இடம் கொஞ்சம் வில்லங்கமான இடம். கழுத்தோட பின்பக்க முக்கோணம்னு சொல்ற அந்தப் பகுதியில தோலுக்கு ரொம்பக் கிட்டயே ஒரு நரம்பு ஓடுது, ஸ்பைனல் அக்சஸரி நரம்பு, தோளைத் தூக்கறதுக்கு அதுதான் வேணும். கிகுச்சிக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் அதே இடம்தான், விதி. முழிச்சதும் சர்ஜன் வந்து முதல்ல கேட்டது வலிக்குதான்னு இல்ல, "தோளை மேல தூக்குங்க பாப்போம்". தூக்கினேன். அவர் முகத்துல அப்போதான் சிரிப்பு வந்துது. காது மடல்கிட்ட கொஞ்சம் மரத்துப் போச்சு, அது மெல்ல மெல்லத் திரும்பிடுச்சு.

இன்னொரு விஷயம், இதை யாரும் வெளிய சொல்றதில்ல, ஆனா எல்லா பயாப்சிக்கும் முன்னாடி கேட்டுக்க வேண்டிய கேள்வி: எடுக்கற திசுவை எத்தனை பாட்டில்ல போடுவீங்க? மொத்தத்தையும் திசு கெடாம இருக்க ஊத்தற ஃபார்மலின்ல போட்டுட்டா பேத்தாலஜி பாக்கலாம், ஆனா ஃபார்மலின் கிருமியைக் கொன்னுடும், அதுக்கப்புறம் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பாக்கறது, பண்ண முடியாது. செல்லை வகை வகையா பிரிச்சு எண்ணற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்டுக்கும் உயிரோட இருக்கற செல்தான் வேணும். அதனால ஒரு பகுதி ஃபார்மலின்ல, இன்னொரு பகுதி வெறும் சலைன்ல போகணும். எனக்கு எடுத்தவர் அதைத் தானாவே செஞ்சாரு. டிபி கல்ச்சர் திரவ முறையில வெச்சாலே நெகட்டிவ்னு முடிவு சொல்ல 6 வாரம் காத்திருக்கணும், எனக்குக் கல்ச்சர் ரிசல்ட் வந்தப்போ நெறியெல்லாம் கிட்டத்தட்ட போயே போச்சு.

பேத்தாலஜி ரிப்போர்ட் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு. எனக்கு ஆர்வம் தாங்கல, எழுதினவங்களையே போய்ப் பாக்க முடியுமான்னு கேட்டேன். பொதுவா நோயாளிங்க அங்க போறதில்ல போல, அந்த மேடம் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாங்க, அப்புறம் ரெண்டு பேர் சேர்ந்து பாக்கற மைக்ராஸ்கோப்ல உக்கார வெச்சாங்க. ஊதாவும் ரோஸும் கலந்த ஒரு பரப்பு, நடுவுல வெளிறின திட்டுங்க. அந்தத் திட்டுக்குள்ள பெருக்கிப் பார்த்தா பூரா கறுப்புக் கறுப்பாப் பொடி. "இது செத்த செல்லோட நியூக்ளியஸ் நொறுங்கின தூள். சுத்தி இருக்கே பெரிய செல்லு, அது ஹிஸ்டியோசைட், தூளைத் தின்னுட்டு இருக்கு, தின்னதுல அதோட நியூக்ளியஸ் ஓரமா ஒதுங்கிப் பிறை வடிவத்துக்கு வந்துடுச்சு பாருங்க." பார்த்தேன். நிஜமாவே பிறை. "சரி, இப்போ இங்க யாரு இல்ல சொல்லுங்க"ன்னாங்க.

எனக்கு எப்படித் தெரியும்! அவங்களே சொன்னாங்க: நியூட்ரோஃபில், வெள்ளை அணுல ஒரு வகை. இவ்ளோ செல்லு செத்துக் கிடந்தா சாதாரணமா முதல்ல ஓடி வந்து குவியறது நியூட்ரோஃபில்தான், சீழ்ங்கறதே முக்காவாசி அதுதான். இங்க இவ்ளோ சேதம் ஆகியும் அது வரவே இல்ல. எதிர்ப்பொருள் தயாரிக்கற பிளாஸ்மா செல்லும் அரிதா அங்கொண்ணு இங்கொண்ணு. டிபின்னா எபிதீலாய்டு செல்லெல்லாம் கூடி கிரானுலோமாவா உருண்டு இருக்கும், அதுவும் இல்ல. இதுல இன்னொரு வேடிக்கை, மயலோபெராக்சிடேஸ்னு ஒரு நொதி, அது நியூட்ரோஃபில் வகையறாவோட அடையாளம்னுதான் பேரு, அதுக்கான சாயம் போட்டா கிகுச்சில அந்த ஹிஸ்டியோசைட்டுங்க பிடிச்சுக்கும். ஆள் வரல, ஆளோட அடையாள அட்டை மட்டும் வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. கொல்ற வேலையைப் பண்றது சிடி8 டி-செல்லுங்கற ஒரு வகை வெள்ளை அணு, நம்மளோடதுதான். அதைத் தூண்டி விட்டது எதுன்னு இன்னும் யாரும் உறுதியா நிரூபிக்கல, பல வைரஸ் மேல சந்தேகம் போயிருக்கு, ஒண்ணு மேலயும் குற்றம் நிக்கல.

இந்த நோயை முதல்ல எழுதினது 1972ல, ஜப்பான்ல. மசாஹிரோ கிகுச்சி ஒரு பக்கம், ஃபுஜிமோட்டோவும் அவரோட கூட்டாளிங்களும் இன்னொரு பக்கம், அதே வருஷம் தனித்தனியா, ரெண்டு பேரும் ஜப்பான் மொழி மருத்துவ இதழ்கள்லயே எழுதினாங்க. அதனால வெளியுலகத்துக்கு இது போய்ச் சேரவே வருஷக்கணக்கு ஆச்சு. 1982ல ஐரோப்பிய ஆட்களோட சேர்ந்து கிகுச்சியும் ஒரு கட்டுரை போட்டாரு, அதோட தலைப்புலயே கிரானுலோசைட் (நியூட்ரோஃபில் சேர்ந்த வெள்ளை அணு வகை) இல்லாததை வெச்சுட்டாங்க, மேடம் என்கிட்ட கேட்ட அதே "யாரு இல்ல" சங்கதிதான். 1988ல 108 பேரோட நெறியைச் சேர்த்து வெச்சு ஆராய்ஞ்சவங்க முக்கியமா பேசினது எதையெல்லாம் இதோட குழப்பிக்கிறாங்கங்கறதைத்தான். ஆரம்பக் கட்டத்துல இருக்கற கிகுச்சில, செல் சாகறதுக்கு முன்னாடி, பெரிய பெரிய செல்லா பெருகிக் கிடக்கும், அதைப் பார்த்து லிம்ஃபோமான்னு எழுதினது உண்டு, அப்படி எழுதிக் கீமோ வரைக்கும் போனவங்களும் இருக்காங்க. அதனாலதான் நான் சொல்றேன், பேரு தெரிஞ்ச ஒருத்தர் மைக்ராஸ்கோப்புக்குப் பின்னாடி இருக்கறதுதான் இதுல பாதி வைத்தியம்.

பெனைன், அதாவது கேன்சர் இல்லன்னு ரிப்போர்ட்ல வந்ததும் வீட்டுல எல்லாரும் ஒண்ணுமில்லன்னு முடிச்சுட்டாங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட முடியாது, அந்த அலுப்பு கொஞ்ச நாள் என்னை மாடிப்படி ஏற விடல, வேலையில கவனம் நிக்கல. ரொம்ப அபூர்வமா சிலருக்குத் தலைவலியோட கழுத்து விறைச்சு மூளை உறை அழற்சி வரும், இன்னும் அபூர்வமா ரத்த அணுவெல்லாம் சரிஞ்சு ஹீமோபேகோசைட்டிக் சிண்ட்ரோம் (நம்ம எதிர்ப்பு செல்லே ரத்த அணுவைத் தின்னற நிலை) வரைக்கும் போகும், அதனால காய்ச்சல் விடாம அடிச்சு ரத்த எண்ணிக்கை இறங்கிகிட்டே போனா சும்மா இருக்கக் கூடாது. திரும்ப வர்றது 100ல 3, 4 பேருக்குத்தான்னு சொல்றாங்க. எனக்கு இதுவரைக்கும் வரல.

மிச்சம் இருக்கறது லூபஸ் விவகாரம். கிகுச்சி வந்தவங்கள்ல சிலருக்கு லூபஸ் கூடவே இருக்கு, சிலருக்கு வருஷங்கள் கழிச்சு வருது, சிலருக்கு லூபஸ் முதல்ல வந்துட்டு அப்புறம் இது. ஸ்லைடுலயும் ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிதான், லூபஸ் நெறியில ஹெமடாக்சிலின் பாடினு சொல்ற திரளும் நிறைய பிளாஸ்மா செல்லும் இருந்தா பிரிச்சுச் சொல்லலாம், இல்லன்னா கஷ்டம். அதனால மூட்டு வலி, வெயில் பட்டா முகத்துல தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டறது, சிறுநீர்ல நுரை, இதுல எது வந்தாலும் கிகுச்சி இருந்துதுன்னு டாக்டர்கிட்ட சொல்லணும், ஏஎன்ஏ அப்பப்போ பாக்கணும். நான் பாத்துட்டு வரேன், நெகட்டிவாதான் இருக்கு.

கடைசியா மேடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினாங்க: பாரஃபின் பிளாக் (மெழுகுல பதிச்சு வெச்ச என் திசு) எங்க இருக்கு, எத்தனை வருஷம் வெச்சிருப்பாங்கன்னு விசாரிச்சு எழுதி வெச்சுக்கணும், வேற ஊர்ல வேற டாக்டர் கேட்டா ரிப்போர்ட் காகிதம் போதாது, அந்த பிளாக்கிலேர்ந்து புதுசா ஸ்லைடு வெட்டிப் பாக்கத்தான் அவங்களுக்கு வேணும்னாங்க. விசாரிச்சுட்டேன், நம்பரோட எழுதி டிஸ்சார்ஜ் சம்மரி பின்னாடியே ஒட்டி வெச்சிருக்கேன், அக்கா போன்லயும் ஒரு காப்பி இருக்கு.